மேய்க்கால் நிலத்துத் தத்துக்கிளிகள்

அறிவியலின் முதற்பணி பகுத்தறிதல். ஒன்றுபோல் தோன்றுவனவற்றுள் வேற்றுமை காண்பதும், வேறுபட்டுக் கிடப்பனவற்றுள் ஒற்றுமை காண்பதும், கண்டவற்றுக்கு இடமும் பெயரும் வகுப்பதும் நிறைவேறிய பின்னரே ஒரு பொருளைப் பற்றிய அறிவு வேர்கொள்ளும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் கொல்லைகளிலும் தரிசுகளிலும் ஏரிக்கரைகளிலும், நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் தத்தியெழுந்து விலகும் சிற்றுயிர்கள் அனைத்தையும் ‘வெட்டுக்கிளி’ என்னும் ஒரு சொல்லால் சுட்டி அமைகிறோம். அவ்வொரு சொல்லின்கீழ்ப் பல குடும்பங்களும், அவற்றின்கீழ்ப் பல பேரினங்களும், தத்தமக்குரிய உணவும் நிலமும் பருவமும் உடைய பற்பல இனங்களும் அடங்கியுள்ளன. அவற்றுள் பயிரைக் கெடுப்பன சிலவே. எஞ்சியவை புல்லையும் களையையும் புதரையும் உண்டு, பறவைகளுக்கு உணவாகி, மண்ணுக்கு உரமாகி, நிலத்தின் ஒழுங்கைத் தாங்கி நிற்பவை.

இவற்றை நிலத்தாலும் உடலாலும் வகைப்படுத்தி, ஒவ்வோர் இனத்தின் உறுப்பமைப்பிலும் அது வாழும் நிலத்தின் இயல்பு எவ்வாறு பதிந்துள்ளது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழிலேயே இதனைச் செய்வது வேண்டும் என்பதும், செய்ய இயலும் என்பதும் இதன் அடிப்படைத் துணிவு. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அவ்வந்நிலத்துக்குரிய பறவையும் விலங்கும் மரமும் தொழிலும் இவையெனக் கருப்பொருள் வகுத்த மொழிக்கு, பூச்சிகளை நிலம்நோக்கி வகுப்பது புதிய பணியன்று. இடையில் விடுபட்ட பணியே ஆகும்.

நிலத்தின் இயல்பு

மேற்கே செஞ்சிப் பாறைக்குன்றுகளும் கிழக்கே மரக்காணத்துக் கடற்கரையும் எல்லையாக அமைய, இடைப்பட்ட விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் பெரிதும் செம்மண்ணும் மணற்பாங்கும் கலந்த சமவெளியாகும். ஏரிப்பாசனம் பெறும் தாழ்நிலத்தை இவ்வட்டாரத்தார் கழனி என்பர். மழையை நம்பிய மேட்டுநிலத்தைக் கொல்லை என்பர். ஊர்ப்பொதுவில் ஆடுமாடு மேய விடப்பட்ட நிலத்தை மேய்க்கால் என்பர். கழனியில் நெல்லும் கரும்பும், கொல்லையில் இவர்கள் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் உளுந்தும் எள்ளும் கம்பும், மேய்க்காலில் கொழுக்கட்டைப்புல்லும் துடைப்பப்புல்லும் ஆவாரையும் எருக்கும் விளைகின்றன. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டியது. அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்வது. ஆகவே தை கடந்ததும் மேய்க்கால் மெல்ல மெல்ல வெளுத்து, பங்குனி, சித்திரையில் புல் அனைத்தும் தாளாகிக் காய்ந்து, மண் வெறுமையாகி வெப்பத்தை உமிழ்கிறது. பாலை என்பது தனித்ததொரு நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து கொள்ளும் நிலையே என்று நம் முன்னோர் கொண்ட கருத்துக்கு இம்மேய்க்கால் கண்முன் நிற்கும் சான்றாகும்.

புல்லும் வறட்சியும் மாறிமாறி ஆளும் நிலம் எங்குள்ளதோ அங்குத் தத்துக்கிளிகள் பல்கிப் பெருகும். வட அமெரிக்காவின் மேற்கில், இராக்கி மலைத்தொடரை ஒட்டிய மேய்ச்சல் வெளிகளிலும் அதற்கப்பாலுள்ள பாலைகளிலும், 17 மாநிலங்களில் ஏறத்தாழ 400 இனங்கள் வாழ்கின்றன என்று அந்நாட்டார் கணக்கிட்டுள்ளனர். அங்குக் குளிரால் நேரும் இடைவெளி இங்கு வெயிலால் நேர்கிறது. அங்குப் பனி உருகுதல் செய்யும் வேலையை இங்கு முதல்மழை செய்கிறது. சூழல் வேறாயினும் அதற்கு ஈடுகொடுக்கும் முறை ஒன்றே என்பதை இவ்விரு நிலங்களையும் இணைத்து நோக்குவோர் உணரலாம்.

வரிசையும் குடும்பமும்

மேற்சிறகு நேராக நீண்டு உடலின்மேல் படிந்து கிடப்பதால் இப்பூச்சிகள் அடங்கிய வரிசைக்கு நேர்சிறகிகள் என்று பெயரிடுவோம். உலகெங்கும் 28,000-க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இவ்வரிசை இரண்டு பெரும்பிரிவுகளாகப் பிரியும். உணர்கொம்பு மயிர்போல் மெலிந்து பெரும்பாலும் உடலினும் நீண்டிருப்பவை நெடுங்கொம்பின. உணர்கொம்பு தடித்து உடலினும் குறுகியிருப்பவை குறுங்கொம்பின. சிள்ளென இரவில் ஒலிக்கும் சில்வண்டும், ஈரமண்ணைத் துளைக்கும் பிள்ளைப்பூச்சியும், இலைவடிவச் சிறகுடைய இலைக்கிளியும் முதற்பிரிவைச் சார்ந்தவை. நாம் தத்துக்கிளி என்று இங்குக் கொள்வன இரண்டாம் பிரிவைச் சார்ந்தவையே.

கொம்பின் நீளம் வெறும் புறக்குறியன்று. அதனோடு உடலின் பிற வேறுபாடுகளும் ஒருங்கே நிற்கின்றன. நெடுங்கொம்பினவற்றுக்குச் செவி முன்காலின் முழங்காலுக்குக் கீழே அமைந்துள்ளது; குறுங்கொம்பினவற்றுக்கு அது வயிற்றின் முதற்கணுவில் இருபுறமும் மெல்லிய சவ்வாக அமைந்துள்ளது. முன்னவை சிறகோடு சிறகை உரசி ஒலியெழுப்பும். பின்னவற்றுள் ஒலியெழுப்புவன பெரும்பாலும் பின்தொடையைச் சிறகின் நரம்பில் தேய்த்து ஒலியெழுப்பும். முன்னவற்றின் பெண்பூச்சி பெரும்பாலும் நீண்ட வாள்போன்ற முட்டையிடு உறுப்பைக் கொண்டது. பின்னவற்றின் பெண்பூச்சிக்கு மண்ணைத் தோண்டுதற்கேற்ற குட்டையான நான்கு கொக்கிகள் வயிற்று நுனியில் உள்ளன.

குறுங்கொம்பினவற்றுள் இவ்வட்டாரத்தில் எளிதில் காணத்தக்க குடும்பங்கள் மூன்று. உச்சந்தலையின் முன்முனையில் நெடுக்கே ஒரு நுண்பள்ளம் ஓட, தலை கூம்பி நிற்பவை கூம்புத்தலைக் குடும்பம். முன்மார்புக் கவசம் பின்னோக்கி நீண்டு வயிறு முழுவதையும் போர்த்தியிருக்க, சேற்றோரத்தில் வாழும் மிகச் சிறியவை குறுந்தத்திக் குடும்பம். இவ்விரு குறிகளும் இன்றி எண்ணிக்கையிலும் வகையிலும் மிகுந்து நிற்பவை மெய்த்தத்திக் குடும்பம். மெய்த்தத்திகளை மேலும் பகுக்கத் தொண்டை, முகம், சிறகு என்னும் மூன்று உறுப்புகள் வழிகாட்டும். முன்கால்களுக்கு நடுவே தொண்டையில் முளைபோன்ற முள் நீட்டியிருப்பின் அது முட்தொண்டையினம். முள் இன்றி முகம் பின்சாய்ந்து தலை முன்நீண்டிருப்பின் அது சாய்முகத்தினம். முள்ளும் இன்றி முகமும் சாயாது, பின்சிறகை விரிக்குங்கால் நிறத்தளமும் கரும்பட்டையும் தோன்றுமாயின் அது பட்டைச்சிறகினம். கையில் ஓர் உருப்பெருக்கு ஆடி இருப்பின் பள்ளிச் சிறுவரும் இம்மூன்றையும் பிரித்துணர இயலும்.

நிலந்தோறும் இனம்

இனி இவ்வகுப்புகள் நிலத்தில் எவ்வாறு இடங்கொண்டுள்ளன என்று காண்போம். மேய்க்காலின் உயர்ந்த புல்லிடையே வாழ்பவற்றுள் வாட்கொம்பன் தலையாயது. சாய்முகத்தினத்தைச் சேர்ந்த இதன் தலை நெடிய கூம்பாக முன்நீண்டு, அதன்மேல் வாளலகு போன்ற தட்டையான இரு கொம்புகள் எழுந்து நிற்கும். உடல் பச்சையாகவோ காய்ந்த தாளின் நிறத்திலோ இருக்கும். புல்தண்டோடு நீளவாக்கில் ஒட்டி நிற்குங்கால் எது தண்டு, எது பூச்சி என்று பிரித்தறிதல் அரிது. பெண் பெரிது, ஆண் சிறிது. ஆண் பறக்குங்கால் சிறகு படபடக்கும் ஒலி தெளிவாகக் கேட்கும். அதே புல்லில் கட்டைவிரல் நக அளவே உள்ள பச்சைச் சிறுதத்தியும், பட்டைச்சிறகினத்துக்கு உறவான தமிழ்நிலக்கிளியும் வாழ்கின்றன. தமிழ்நிலக்கிளி என்று நாம் வழங்குவதற்குக் காரணம் உண்டு: 1798-ஆம் ஆண்டில் தேனிய நாட்டுப் பூச்சியியலார் பேபிரீசியசு இதனை விளக்கியபோது தமுலசு என்று தமிழ்நாட்டின் பெயரையே இதற்குச் சூட்டினார். அறிவியல் உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயரைக் கொண்டே இதனை அழைத்து வருகிறது.

புல் அற்ற வெறுநிலத்தில் ஒழுங்கு முற்றிலும் மாறுகிறது. அங்கே உடலை நீட்டி மறைவதற்குத் தண்டு இல்லை. ஆகவே மண்ணாகவே மறைதல் வேண்டும். கூம்புத்தலைக் குடும்பத்து மண்கிளி தட்டையாகவும் சொரசொரப்பாகவும் அமைந்து, செம்மண்ணில் செம்மை கலந்தும் மணலில் சாம்பல் கலந்தும் தோன்றும். மல்லாட்டை முளைத்து இரண்டிலை விரிக்கும் பருவத்தில் கொல்லையில் குனிந்து நோக்கினால், மண்கட்டி ஒன்று ஒரு சாண் தொலைவு நகர்ந்து, முளையின் விளிம்பை அரைவட்டமாகக் கடித்து, மீண்டும் மண்கட்டியாகி அசைவற்றிருப்பதைக் காணலாம். வளர்ந்த செடிக்கு இதனால் பெருங்கேடில்லை. முளைப்பருவத்தில் மட்டும் இழப்பு நேரும். 1940-இல் டி.எம்.வி. 2 என்னும் கடலை வகையை வெளியிட்டுப் பெயர்பெற்ற திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைச் சூழ்ந்த கடலைக்கொல்லைகளுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாத அறிவாகும்.

வெறுநிலத்தின் மற்றொரு வகையினர் பட்டைச்சிறகினத்தார். முன்மார்பின் மேல் பெருக்கற்குறி போன்ற வெண்கோடுகளைத் தாங்கிய பெருக்கற்குறிக்கிளியும், முதுகு வரம்பு பல்பல்லாக வெட்டுண்ட பல்முதுகனும் இவ்வினத்தனவே. இவை அமர்ந்திருக்குங்கால் சரளைக்கல்லோடு வேறுபாடின்றி இருக்கும். துரத்துங்கால் திடுமெனச் சிறகு விரித்து மஞ்சளும் கருமையும் பளிச்சிட எழுந்து, சற்றுத் தொலைவில் அமர்ந்ததும் நிறம் முழுவதையும் மடித்து மறைத்துவிடும். துரத்தும் பறவையின் கண் மஞ்சளைத் தேடிக்கொண்டிருக்க, பூச்சி மண்ணிறமாகி அதன் முன்னாலேயே இருக்கும். வட அமெரிக்கப் பாலைகளிலும் இதே இனப்பிரிவு இதே முறையில் வாழ்கிறது.

கழனியின் நிலை வேறு. அங்கு முட்தொண்டையினம் மிகும். முன்மார்பில் கருங்கோடுகள் குறுக்கே ஓடும் பெரிய பச்சைநிறக் கழனிக்கிளி நெற்பயிரின் இலையையும், சில வேளைகளில் கதிர்க்காம்பையும் கடிப்பது. வரப்பு மண்ணில் முட்டையிட்டு ஆண்டுக்கு ஒரு தலைமுறையே காண்பது. கண்ணின் பின்னிருந்து சிறகு வரை பழுப்புக்கோடு ஓடும் சிறிய நீர்க்கிளியோ நீரை அஞ்சாதது. அதன் பின்காலின் கீழ்த்தண்டு நுனிநோக்கி அகன்றிருப்பதால் நீரில் விழுந்தாலும் உதைத்து நீந்திக் கரையேறும். முட்டைகளை மண்ணில் புதைக்காமல் நீர்மட்டத்துக்கு மேலே தண்டுகளிடையே ஒட்டிவைக்கும். ஒரே கழனியில் ஒரே பயிரை உண்ணும் இரண்டு இனங்களுள் ஒன்று வரப்பையும் மற்றொன்று தண்டையும் தொட்டிலாகக் கொண்டமையால், வரப்பைச் செதுக்கினால் முன்னது குறையும், பின்னது குறையாது. பகுத்தறியாத முயற்சி பயன்தராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செஞ்சிக் குன்றுகளின் புதர்களிலும் கிழக்குக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடுகளிலும் வாழ்தற்கேற்றவையாகச் சிறகே இல்லாத சிறகிலிகளைக் குறிப்பிடலாம். கூம்புத்தலைக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. அவற்றுள் ஓர் இனத்தை 1905-இல் விளக்கிய எசுபானியப் பூச்சியியலார் பொலிவார், சோழமண்டலக் கரையில் பயணம்செய்து பூச்சிகள் திரட்டிய பிரெஞ்சுக்காரர் மெயிந்தரோன் பெயரை அதற்கு இட்டார். பறவாத உயிர் தொலைவு செல்லாது. தொலைவு செல்லாத உயிர் தன் குன்றோடும் புதரோடும் பிணைந்து தனித்தன்மை பெறும். ஆகவே புதர் அழியின் அதுவும் அழியும். பரந்து வாழும் இனத்தைவிடக் குறுகி வாழும் இனமே நம் காப்புக்கு மிகுதியும் உரியது என்பது இதிலிருந்து கிடைக்கும் கோட்பாடு.

தாடையின் இலக்கணம்

ஒரு தத்துக்கிளி என்ன உண்கிறது என்பதை அது உண்ணும்போது காணாமலேயே சொல்ல இயலுமா? இயலும். 1944-இல் ஐசிலி என்னும் அமெரிக்கப் பூச்சியியலார் தாடைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, உணவுக்கும் தாடைக்கும் உள்ள தொடர்பை வகுத்துரைத்தார். புல்லின் இலையில் மணற்கூறு படிந்திருப்பதால் அதனை உண்ணும் இனத்துக்கு வெட்டும் பற்கள் ஒன்றிணைந்து உளியலகாகவும், அரைக்கும் பகுதி இணைவரம்புகள் கொண்டும் அமையும். அகன்ற இலைச்செடிகளை உண்ணும் இனத்துக்கு வெட்டும் பற்கள் கூர்மையாகத் தனித்தனியே நிற்கும். இரண்டையும் உண்பதற்கு இரண்டின் இயல்பும் கலந்திருக்கும். எனவே வாட்கொம்பனின் தாடையும் எருக்குண்ணும் இனத்தின் தாடையும் ஒன்றல்ல. ஒன்று மற்றதன் உணவை எடுத்துக்கொள்ளவும் எளிதில் இயலாது. ஒரே மேய்க்காலில் பல இனங்கள் போரின்றி வாழ்வதற்கு அடிப்படை, உணவு இவ்வாறு தாடையளவிலேயே பங்கிடப்பட்டுள்ளமைதான்.

தாவுதலின் இயக்கவியல்

தன் உடல்நீளத்தின் பன்மடங்கு தொலைவு தாவும் ஆற்றல் இவ்வுயிர்க்கு எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்குத் தசையின் வலிமை மட்டும் விடையாகாது. ஏனெனில் எந்தத் தசையும் அத்துணை விரைவாகச் சுருங்குவதில்லை. விடை சேமிப்பில் உள்ளது. தாவுமுன் பூச்சி பின்காலை முழுதும் மடக்கி, காலை நீட்டும் பெருந்தசையையும் மடக்கும் சிறுதசையையும் ஒருசேர இறுக்குகிறது. கால் அசையாது, ஆனால் தசைநாணும், தொடை நுனியில் முழங்காலின் இருபுறமும் பிறைவடிவில் அமைந்த புறத்தோட்டுத் தகடுகளும் வில்லைப்போல் வளைந்து ஆற்றலைத் தேக்கிக்கொள்கின்றன. மடக்கும் தசை தளர்ந்த அக்கணமே தேங்கிய ஆற்றல் நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விடுபட்டு உடலை மேலெறிகிறது. இதன் ஆற்றற்கணக்கை 1975-இல் பென்னெட்டு கிளார்க்கு என்னும் ஆங்கிலேயர் அளந்து காட்டினார்.

சிறகின் கீலிலும் இதே சேமிப்புமுறை செயற்படுகிறது. 1960-இல் தேனியராகிய வைசு ஃபோ, வெட்டுக்கிளியின் சிறகுக்கீலில் ஒருவகைப் புரதத்தைக் கண்டறிந்தார். இழுத்துவிட்டால் பெற்ற ஆற்றலை ஏறத்தாழ முழுவதும் திருப்பித் தரும் இதனை மீள்புரதம் எனலாம். மூச்சுவிடும் முறையும் இதற்கிணைந்தது: மார்பிலும் வயிற்றிலுமாகப் பத்து இணை மூச்சுத்துளைகள் உள்ளன, அவற்றிலிருந்து கிளைத்த மூச்சுக்குழல்கள் காற்றை நேரே ஒவ்வொரு தசைக்கும் கொண்டு சேர்ப்பதால், உயிர்வளியைச் சுமக்கும் வேலை குருதிக்கு இல்லை. ஆற்றல் தேவைப்படும் இடத்திலேயே காற்றும் வந்து நிற்கும் இவ்வமைப்பு, சிற்றுடலின் பொறியியல் எத்துணைச் செறிவுடையது என்பதை உணர்த்தும்.

முட்டையும் பருவமும்

வறண்ட மாதங்களைத் தத்துக்கிளி கடக்கும் வழிகளுள் உறுதியானது முட்டைநிலை. பெண்பூச்சி வயிற்று நுனிக் கொக்கிகளைத் திறந்து மூடி மண்ணைத் துளைத்து உள்ளே இறங்கும். வயிற்றுக் கணுக்களிடையே மடிந்திருக்கும் சவ்வு விரிய, வயிறு தன் இயல்பு நீளத்தின் இரண்டு மூன்று மடங்கு நீளும். அடியில் முட்டைகளை அடுக்கி, இடையிடையே நுரையைச் சுரந்து, மேலே நுரையால் அடைத்துவிட்டு வெளியேறும். நுரை இறுகி முட்டைகளைச் சூழ்ந்த உறையாகிறது; இதனை முட்டைப்பொதி எனலாம். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி உப்பினாலன்றி முட்டையுள் கரு முழுவளர்ச்சி அடையாது. ஆகவே மழை பெய்து புல் தளிர்க்கும் வேளையும், குஞ்சு வெளிவரும் வேளையும் ஒன்றாகவே அமைகின்றன. வெளிவரும் இளங்கிளி பெற்றோரின் வடிவையே சிறிதாகக் கொண்டிருக்கும். புழுப்பருவமும் கூட்டுப்பருவமும் இதற்கு இல்லை. ஐந்து அல்லது ஆறு முறை தோலுரித்து, ஒவ்வோர் உரிப்பிலும் சிறகுமொட்டுச் சற்றே வளர்ந்து, இறுதி உரிப்பில் முழுச்சிறகு பெறும். இதனைக் குறைவுருமாற்றம் என்பர்.

சித்திரையில் கொல்லையை உழுதுபோடும் நம் உழவரின் வழக்கம் இவ்விடத்தே அறிவியலோடு கைகோக்கிறது. கோடையுழவு முட்டைப்பொதிகளைப் புரட்டி மேலே எறிகிறது. வெயில் அவற்றை உலர்த்துகிறது. கலப்பையின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கும் நாகணவாயும் அவற்றைக் கொத்துகின்றன. மண்ணுக்குள்ளேயே இயற்கையின் கட்டுப்பாடும் உண்டு. துவரைப் பூவை உண்டு உழவரின் வெறுப்பைப் பெறும் கொப்புள வண்டின் புழு, மண்ணுள் தத்துக்கிளியின் முட்டைப்பொதியைத் தேடி உண்டே வளர்கிறது. வளர்ந்த வண்டு பகையாகவும் அதன் புழு நட்பாகவும் இருக்கும் இவ்விருநிலையை அறியாதவர், வண்டினைக் கூண்டோடு அழிக்க முற்பட்டுத் தத்துக்கிளிக்கு வழிதிறந்து விடுவர். முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவிகளும், தாக்குண்ட பூச்சியைத் தண்டின் உச்சிக்கு ஏறச் செய்து அங்கேயே கொல்லும் பூஞ்சையும் இக்கட்டுப்பாட்டில் பங்குகொள்வன.

எருக்கும் அதன் கிளியும்

இவ்வட்டாரத்துத் தத்துக்கிளிகளுள் மக்கள் கண்ணை முதலில் ஈர்ப்பது எருக்குக்கிளி. 1775-இல் பேபிரீசியசால் விளக்கப்பட்ட இது கூம்புத்தலைக் குடும்பத்தது. வளர்ந்த பூச்சியின் உடலில் மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டைபட்டையாக மாறிவரும். பச்சை மேற்சிறகில் மஞ்சள் நரம்பு பின்னியிருக்கும். விரித்தால் பின்சிறகு வெளிர்சிவப்பாகத் தோன்றும். இளங்கிளியோ வெளிர்மஞ்சளில் கருங்கோடும் செம்புள்ளியும் தாங்கியிருக்கும். மறைவதற்கு இங்கு முயற்சியே இல்லை. விளங்கித் தோன்றுவதே இதன் காப்பு.

எருக்கின் பாலில் நெஞ்சத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சுகள் உள்ளன. ஆடும் அதனைக் கடித்து விலகும். எருக்குக்கிளி அதனை உண்டு, நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்துவைக்கிறது. புகழேந்தி, இலிவிங்சுடன் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிசெய்தது. பாதி வளர்ந்த இளங்கிளியை இரு விரலால் மெல்லப் பற்றினால், முதுகில் வயிற்றின் முதற்கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் இடையிலுள்ள துளையிலிருந்து கூரிய தாரையாக நீர்மம் பீறிட்டு இரண்டு மூன்று விரற்கடைத் தொலைவு பாயும். நிறம் எச்சரிக்கை, நீர்மம் அவ்வெச்சரிக்கையின் மெய்ப்பிப்பு. வட அமெரிக்கப் பாலையில் கிரியோசோட்டு என்னும் புதரை மட்டுமே உண்டு அதன் இலைநிறத்திலேயே ஒடுங்கி வாழும் தத்துக்கிளி ஒன்று உண்டு. பிறர் தீண்டாத செடியைப் பற்றிக்கொள்ளுதல் இரண்டுக்கும் பொது. ஒன்று மறைந்தும் மற்றொன்று விளங்கியும் வாழ்தல் வேறுபாடு.

தனிநிலையும் கூட்டுநிலையும்

2020-ஆம் ஆண்டின் கோடையில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் இராசத்தான் கடந்து வடஇந்திய மாநிலங்களுக்குள் பரவியபோது தமிழகத்திலும் அச்சம் எழுந்தது. கிருட்டிணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் மொய்த்திருந்த கிளிகளைக் கண்டு ஊரார் கலங்கினர். வேளாண் அலுவலர் நேரில் ஆய்ந்து, அவை படையெடுக்கும் வகையல்ல என்று விளக்கினர். ஒரு பெயருக்குள் எல்லாவற்றையும் அடக்குவதால் விளையும் இடர்ப்பாட்டுக்கு அந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டாயிற்று.

படைக்கிளிக்கும் தத்துக்கிளிக்கும் உள்ள வேறுபாடு குடும்பத்தால் அன்று, நடத்தையால் அமைவது. நெருக்கம் மிகும்போது நிறமும் நடத்தையும் மாறிக் கூட்டுநிலை அடையவல்ல சில இனங்களே படைக்கிளிகள். தனிநிலையும் கூட்டுநிலையும் இரண்டு இனங்கள் அல்ல, ஓரினத்தின் இரு நிலைகள் என்பதை 1921-இல் உவாரவு என்னும் உருசியப் பூச்சியியலார் நிறுவினார். பின்தொடையில் பிற கிளிகளின் தொடுகை தொடர்ந்து படுவது இம்மாற்றத்தைத் தூண்டுகிறது என்பதும், நரம்பில் செரட்டோனின் என்னும் பொருள் மிகுவது அதன் உள்வழி என்பதும் பிற்காலத்தில் தெளிந்தன. பின்னது 2009-இல் வெளியாயிற்று. எருக்குக்கிளிக்கும் மண்கிளிக்கும் வாட்கொம்பனுக்கும் இவ்விருநிலை இல்லை.

படைக்கிளியும் அழியாத பகையன்று. வட அமெரிக்காவில் 1875-இல் வானத்தை மறைத்துச் சென்ற இராக்கி மலைப் படைக்கிளி, 1902-க்குப் பின் உயிரோடு ஒன்றும் கிடைக்காமல் முற்றும் அழிந்தது. அது பெருகாத ஆண்டுகளில் முட்டையிட்டு வாழ்ந்த மலைப்பள்ளத்தாக்குகளைக் குடியேறியோர் உழுதும் நீர்பாய்ச்சியும் மாற்றியதே காரணம் என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். கோடிக்கணக்காய்ப் பெருகிய ஓர் இனமே ஒரு சிறுநில மாற்றத்தால் அழியக்கூடுமெனில், ஒரு குன்றின் புதரோடு ஒடுங்கிய நம் சிறகிலியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெயரிடும் கடமை

தத்துக்கிளி உண்ட புல் எச்சமாக மண்ணில் விழுந்து விரைந்து மட்கி மீண்டும் புல்லுக்கு உணவாகிறது. தத்துக்கிளியைக் கரிச்சானும் பனங்காடையும் ஓணானும் உண்கின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து திறந்தவெளிகளின்மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகளுக்கும் அது தலையாய இரை. மேய்க்காலைப் பயனற்ற தரிசென்று கருதி மரம் நட்டோ மனையாக்கியோ மாற்றுவோர், இச்சங்கிலியின் முதற்கண்ணியையே அறுக்கின்றனர். எல்லாக் கிளியும் பகையென்று எண்ணி நஞ்சைத் தெளிப்போர், கிளியோடு நுண்குளவியையும் சிலந்தியையும் அழித்து, அடுத்த பருவத்துக் கேட்டுக்குத் தாமே வித்திடுகின்றனர். இவ்விரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: பகுத்தறியாமை.

பகுத்தறிதற்குப் பெயர் வேண்டும். அப்பெயர் உழவரும் மாணவரும் நாவில் ஏற்கும் பெயராதல் வேண்டும். இக்கட்டுரையில் ஆண்ட வாட்கொம்பன், மண்கிளி, நீர்க்கிளி, கழனிக்கிளி, பல்முதுகன், பெருக்கற்குறிக்கிளி, சிறகிலி, எருக்குக்கிளி என்னும் பெயர்களுள் ஒவ்வொன்றும் அவ்வினத்தின் உறுப்பையோ நிலத்தையோ உணவையோ சொல்லி, கேட்ட அளவிலேயே அடையாளத்தைக் கற்பிப்பது. இவற்றினும் சிறந்த பெயர் மேய்ப்பரிடமும் களையெடுக்கும் பெண்டிரிடமும் வழங்கக்கூடும். அவற்றைத் திரட்டுதல் முதற்கடமை. விழுப்புர மாவட்டத்துப் பள்ளிதோறும் மாணவர் தத்தம் ஊரின் கழனி, கொல்லை, மேய்க்கால் மூன்றிலும் பருவந்தோறும் காணும் கிளிகளைத் தொண்டை, முகம், சிறகு என்னும் முக்குறியால் வகுத்து, ஊர்ப்பெயரோடும் நாளோடும் எழுதிவைப்பாராயின், சில ஆண்டுகளில் இந்நிலத்துக்கு ஒரு தமிழ்ப் பூச்சிப்பட்டியல் உருவாகும். 1914-இல் கிருபி என்னும் பூச்சியியலார் ஆங்கிலத்தில் இந்தியத் தத்துக்கிளிகளைத் தொகுத்தார். நூறாண்டு கடந்த இன்று அதற்கிணையான நூலைத் தமிழில் ஆக்குவதற்கு வேண்டிய மொழியும் நிலமும் கண்களும் நம்மிடம் உள்ளன. வேண்டுவது தொடங்கும் துணிவும் தொடரும் ஒழுங்குமே.